வாய்க்கட்டு செய்து தரப்படும்

ராமதாஸ் இருந்தவரை அந்த வீட்டில் 'லிஃப்ட்' என்ற சொல் கிடையாது. மின்தூக்கிதான். அது பழுதாகிக் கிடந்து ஏழு மாடியும் படியேறும்போதுகூட, ஆறாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டு, "மின்தூக்கி... எப்ப... சரியாகுமாம்?" என்றுதான் கேட்பார். வாட்சாப் அவருக்குப் புலனம். ஊரார் மலாயில் கெரெட்டா என்கிற கார், அவருக்கு மகிழுந்து. வாரத்தில் மூன்று நாள் கெலுகோரில் ஒரு மையத்துக்குப் போய் நாலு மணி நேரம் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். அதை ஊரே டயாலிசிஸ் என்றது. அவர் குருதித் தூய்மை என்றார்.

பினாங்குத் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிராணி என்கிற எழுத்தராக இருந்து, ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதிக் களைத்த மனிதர். ஓய்வு பெற்றதும் மிச்சமிருந்த மூச்சையெல்லாம் தமிழுக்கென்று ஒதுக்கிவிட்டார். தன் பெயரே வடமொழியாக இருப்பது மட்டும் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. அப்பா வைத்த பெயரை மாற்ற மனம் வரவில்லை. 'இராமதாசு' என்று எழுதிச் சமாதானம் செய்துகொண்டார்.

அவர் மனைவி ருக்குமணிக்கு இதனால் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் இரண்டு தமிழ் பேசப் பழகியிருந்தாள். வீட்டுக்குள் ஒன்று, பாசாரில் ஒன்று.

அப்படி இருக்கும்போதுதான் கொரோனா வந்தது. மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே ஊரில் உள்ள மருந்துக்கடைக் கண்ணாடிகளில் எல்லாம் 'மாஸ்க் ஹாபிஸ்' என்று தாள் ஒட்டியாகிவிட்டது. தீர்ந்துபோச்சு என்பதை அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தார்கள். ஒரு கடைக்காரர் பக்கத்தில் சிரிக்கும் முகம்கூட வரைந்திருந்தார்.

மையத்துத் தாதி நஜ்வா போன் செய்தாள். "அங்கிள், மாஸ்க் தாடா, மாசோக் தா போலே." மாஸ்க் இல்லாமல் உள்ளே வர முடியாது. மையத்திலும் கையிருப்பு தீர்கிறது, துணியில் தைத்தாலும் பரவாயில்லை என்றாள். பிறகு போனை ஆன்ட்டியிடம் கொடுக்கச் சொல்லி, ருக்குமணியிடம் இன்னொன்றையும் சொன்னாள். நோய் கண்ட யாராவது வீட்டுக்கு வந்து கிட்டத்தில் நின்று பேசியிருந்தால், பதினான்கு நாளைக்கு அங்கிள் மையத்துக்கு வரக்கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் காத்திருந்துதான் செய்துகொள்ள வேண்டும். எப்போது இடம் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காத்திருப்பது என்றால் என்னவென்று ருக்குமணிக்குத் தெரியும். முந்தைய வருடம் மையத்தில் இயந்திரம் கெட்டு ஒரு முறை தவறிப்போயிற்று. நாலாம் நாள் ராமதாஸின் கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி, படுக்க முடியாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டார். அன்று முழுவதும் அவர் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. டாக்டர், ஆம்புலன்ஸ், ஆக்சிஜன் என்று அவள் இஷ்டத்துக்குப் பேசினாள். தலையை மட்டும் ஆட்டினார். அந்த நாள் திரும்ப வரக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு அந்த வருடம் வேறு வேண்டுதல் இல்லை. வெளி ஆள் யாருடைய தும்மலும் இந்தக் கிரில் கதவைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான்.

தையல் இயந்திரத்தை இழுத்துப் போட்டாள். வேட்டித் துணி கிடைத்தது, மூன்று மடிப்பாகத் தைத்தாள். இலாஸ்டிக் எந்தக் கடையிலும் இல்லை. பாவாடை நாடாவைக் கோத்தாள். முதல் நாள் அதைக் கட்டிக்கொண்டு ராமதாஸ் மையத்துக்குப் போய்வந்தார்.

"நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க, ருக்கு. கயிறு என்ன கயிறுன்னு ஒரு சீனர் கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"மரபுவழிக் கயிறுன்னு சொன்னேன்."

எதிர்வீட்டு முகம்மது கனி அதைப் பார்த்துத் தனக்கும் மூன்று கேட்டார். மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர். உட்கார்ந்து சாப்பிட விடாமல் பொட்டலம் மட்டும் கட்டிக்கொண்டிருந்த காலம். ராமதாஸும் அவரும் இருபது வருடமாக வாசலுக்கு வாசல் பேசிக்கொள்பவர்கள் என்பதால், ஒரு மீட்டர் இடைவெளி அவர்களுக்குப் புதிதில்லை. கனி கேட்டதும் மாடியில் மற்றவர்களும் கேட்டார்கள். தைத்து, மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கிரில் கம்பியில் தொங்கவிட்டால் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று ருக்குமணி நினைத்தாள். கீழே மின்தூக்கிப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டிவிடலாம் என்று ராமதாஸ் நினைத்தார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"மாஸ்க்னு போட்டுருங்கண்ணே," என்றார் கனி, தன் வாசலில் நின்றபடி.

"ஆங்கிலம்."

"பேப்பர்ல சுவாசக் கவசம்னு போடறான்."

"சுவாசமும் வடமொழி, கவசமும் வடமொழி. ரெண்டையும் எடுத்துட்டா நடுவுல ஒரு 'க்'தான் மிஞ்சும்."

"முகக்கவரின்னுகூட ஒருத்தன் எழுதியிருந்தான்."

ராமதாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "கவரின்னா என்னன்னு தெரியுமா, கனி? மாட்டு வால் முடி. மூஞ்சியில மாட்டு வாலையா கட்டிக்கிறது?"

"அப்ப நீங்களே ஒண்ணு சொல்லுங்க லா."

அன்று மத்தியானம் முழுதும் யோசித்தார். வாயைக் கட்டுவது. வாய், தமிழ். கட்டு, தமிழ். இரண்டையும் சேர்த்தால் இலக்கணப்படி நடுவில் ஒரு ஒற்று மிகும். மாலையில் தடித்த பேனாவால் அழகான கையெழுத்தில் எழுதிக் கொண்டுபோய் ஒட்டினார்.

'இங்கு வாய்க்கட்டு செய்து தரப்படும். 7ஆம் மாடி, கடைசி வீடு. திருமதி ருக்குமணி.'

"மூக்கும் மூடுதே," என்றாள் ருக்குமணி.

"வாய்னா மூக்கும் அடக்கம்," என்றார். அந்தச் சொல்லுக்கு ஊரில் ஏற்கெனவே வேறொரு வேலை இருந்தது அவருக்கு ஞாபகம் வரவில்லை. இளம் வயதிலேயே மந்திரம், தாயத்து, மை இதையெல்லாம் விட்டொழித்த மனிதர். மாமியார் ஆசையாய் ருக்குமணி கையில் கட்டிவிட்ட கயிற்றையே கத்தரிக்கோலால் வெட்டியவர். பிடிக்காதவன் பேச்சை மந்திரித்து அடக்குவதற்கும் அதே பெயர்தான் என்பது அவர் அகராதியில் இல்லை.

முதலில் வந்தது 'சி' புளோக் வள்ளியம்மா. பையை எடுத்துக்கொண்டு போகாமல் கிரிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நோட்டீஸ் பார்த்தேன். நெசமாவே செய்றீங்களாக்கா?"

"செய்றேனே. யாருக்கு?"

"மருமகளுக்கு."

"அளவு ஏதும் தெரியுமா?"

வள்ளியம்மா யோசித்தாள். "வாய் பெரிசுதான்."

"சரி, பெரிசாவே செஞ்சிடுறேன். காதுல மாட்டுற மாதிரியா, பின்னால கட்டுற மாதிரியா?"

"எதுக்கா நல்லா வேலை செய்யும்?"

"பின்னால முடிச்சுப் போட்டாத்தான் நிக்கும். காதுல மாட்டுனா பேசப் பேச நழுவிடும்."

"அப்ப முடிச்சே போட்டுருங்க. மூணா?"

"ரெண்டு போதும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

வள்ளியம்மா தலையாட்டினாள். "பேரு அதிரா. கேட்டை நட்சத்திரம்."

பிள்ளைகளுக்குச் சட்டையில் பெயர் தைத்துக் கொடுத்த பழக்கம் ருக்குமணிக்கு. "பேரு மூலையில நூல் வேலையா போட்டுடலாம். நட்சத்திரமும் போடணுமா?"

"போடாம எப்படிக்கா? எத்தன நாளைக்கு நிக்கும்?"

"தோய்ச்சுத் தோய்ச்சுப் போட்டா ஆறு மாசம் தாங்கும்."

"தோய்க்கலாமா? போயிடாது?"

"சாயம் போகாத துணிதான்."

"அவ மாட்டேன்னு சொன்னா?"

"ஏன் சொல்றா? எல்லாரும் கட்டிக்கணும்னு டிவியிலயே சொல்றாங்களே."

"டிவியிலயே சொல்றாங்களா," என்று வள்ளியம்மா கண்ணில் நீர் தளும்பக் கேட்டாள். உலகம் இவ்வளவு தூரம் தன் கஷ்டத்தைப் புரிந்துகொள்ளும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

ருக்குமணி மூலையில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றை மஞ்சள் நூலில் தைத்துக் கொடுத்தாள். தேசியக் கொடியில் இருக்கிற நட்சத்திரத்தைத்தான் கேட்கிறாள், நாட்டுப் பற்றுள்ள குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அதிராவே வந்தாள். "எங்க அத்தைக்கு ஒண்ணு வேணும். மகம் நட்சத்திரம்." குரல் அதே மாதிரி தாழ்ந்து வந்தது. வந்தவர்கள் எல்லோருமே ஏன் இரகசியம் பேசுகிறார்கள், ஏன் இவ்வளவு கிட்டே வந்து பேசுகிறார்கள் என்று ருக்குமணிக்கு அப்போதுதான் தோன்றியது. கிரிலின் இடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளே திரும்பி, ராமதாஸ் அறையின் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தனேஷ். ஐந்தாம் மாடிப் பையன், மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவன்.

"சூப்பர்வைசருக்குக்கா. வாயைத் திறந்தா மூட மாட்டேங்கிறாரு. ஆனா ஆளு சீனரு. நம்ம கட்டு அவருக்குச் செல்லுமா?"

"எல்லா மூக்குக்கும் ஒரே தையல்தான் தம்பி."

அவன் நிம்மதியாகப் பையைத் திறந்தான். ஆண்டு விருந்தில் எடுத்த சூப்பர்வைசரின் படம் ஒன்று, எலுமிச்சம்பழம் மூன்று, ஒரு கட்டி கற்பூரம். எல்லாவற்றையும் கிரில் வழியாக நீட்டினான்.

ருக்குமணி எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். கையில் மைக்கோடு சூப்பர்வைசர் பாடிக்கொண்டிருந்தார். அவளுக்கு வள்ளியம்மாவின் கண்ணீர் புரிந்தது. நட்சத்திரம் புரிந்தது. அப்படியே கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வெளியே தனேஷ், அக்காவுக்கு அருள் வந்துவிட்டது என்று இரண்டடி தள்ளிப் பயபக்தியோடு நின்றான்.

அன்று மதியச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னாள். ராமதாஸ் கையிலெடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தார்.

"மந்திரக்காரியா? உன்னையா?"

"உங்க நோட்டீஸ்தான் அப்படிச் சொல்லுது."

"சொல் மேல தப்பில்லை. புரிஞ்சுக்கிட்டவங்க மேலதான் தப்பு."

"தப்பு யார் மேல இருந்தா என்னங்க? ஒரு நாளைக்கு எட்டுப் பேர் வந்து கதவுல மூச்சு விடறாங்க. நஜ்வா என்ன சொன்னா? தாளைக் கிழிச்சிடுங்க."

கிழிக்க மாட்டார். அதற்குப் பதிலாகக் கீழே இறங்கிப்போய், 'மந்திரம் இல்லை. துணி மட்டுமே' என்று ஒரு வரி சேர்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் பதினோரு பேர் வந்தார்கள். மற்ற இடங்களில் மந்திரம் சொல்ல வேண்டியிருக்கிறது, இங்கே மந்திரமே தேவையில்லை, துணியே போதுமாம் என்று நாலு புளோக்கிலும் பேச்சாயிருந்தது.

ராமதாஸ் விடவில்லை. அந்தச் சொல்லின் பிறப்பு, பகுப்பு, பொருள், அதைப் பிழைபட வழங்குவோரின் அறியாமை என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி அதற்குக் கீழே ஒட்டினார். யாருக்கும் ஒரு வரியும் விளங்கவில்லை. அதனால் அதுதான் மந்திரம் என்று முடிவு செய்து, படம் பிடித்துப் புலனத்தில் அனுப்பினார்கள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு பெண்மணி, அதை எத்தனை தடவை சொல்ல வேண்டும் என்று போனில் கேட்டாள்.

இனி தாளைக் கிழித்தும் பயனில்லை. ருக்குமணி வந்தவர்களிடமெல்லாம் நேராகவே சொல்லிப் பார்த்தாள். "இது வெறும் துணிம்மா. மூக்கு ஒழுகாம இருக்கறதுக்கு."

"வெளிய அப்படித்தான் சொல்லணும், தெரியும்க்கா," என்று கண்ணடித்தார்கள்.

தைப்பதையே நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். அமாவாசைக்குக் காத்திருக்கிறாளாம் என்றார்கள்.

இதற்கிடையில் 'சி' புளோக்கில் அற்புதம் நடந்துவிட்டது. வள்ளியம்மா கொடுத்ததை அதிரா மறுக்காமல் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதிரா கொடுத்ததை வள்ளியம்மாவும் மறுக்காமல் வாங்கிக் கட்டிக்கொண்டாள். தான் மறுத்தால் மற்றவளும் கழற்றிவிடுவாளோ என்று இருவருக்கும் பயம். ஒருத்தி வாய் அடங்கிவிட்டது என்று மற்றவள் இரக்கப்பட்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரு வாரமாக அந்த வீட்டில் சண்டை இல்லை. நன்றி சொல்ல இரண்டு பேரும் தனித்தனியாக வந்தார்கள். இரண்டு பேரும் பலகாரம் கொண்டுவந்தார்கள். இரண்டு பேரும் கிரிலில் முகத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்கள்.

"அக்கா, எனக்கு ஒண்ணு செஞ்சு கொடுங்க," என்று எதிர்வாசலிலிருந்து கனி கேட்டார். "உங்க வீட்டுக்காரருக்கு நானே கட்டிவிடறேன். இருபது வருஷமா என்னை 'பரோட்டா'ன்னு சொல்ல விட மாட்டேங்கிறாரு."

"கனி, எல்லாம் என் காதுல விழுது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ருக்குமணிக்குச் சிரிப்பு வந்தாலும், நாலாம் நாள் வீக்கம் கண்ணில் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை, யாரென்றே தெரியாத ஓர் அம்மாள், புருஷனையே கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அளவெடுக்க ஆள் வேண்டுமே என்று. அந்த மனிதர் கிரிலுக்கு முன்னால் வந்து நின்று, மன்னிப்புக் கேட்கிற பாவனையில் தலையைக் குனிந்து, மூன்று தடவை தும்மினார்.

அவர்கள் போனபின் ருக்குமணி கிரில் கம்பி ஒவ்வொன்றையும் சோப்பு நீரால் துடைத்தாள். மறுநாள் ராமதாஸை ஏற்றிப்போக மையத்து வேன் வந்தபோது, வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று டிரைவர் கேட்டார். இல்லை என்றாள். பொய் சொன்ன வாயோடு படியேறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். துணி என்று சொன்னால் நம்பவில்லை. சரி, நம்புவதையே சொல்வோம்.

பத்து மணிக்கு வள்ளியம்மா வந்தாள், ஓர் அண்ணன் மனைவிக்கு ஒன்று கேட்டு. ருக்குமணி கிரில் அருகே போகாமல் கூடத்து நடுவில் நின்றாள். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டாள். அது எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"வள்ளியம்மா, கட்டு நிக்கணும்னா பத்தியம் இருக்கு. இத்தன நாள் சொல்லல."

"சொல்லுங்கக்கா."

"கட்டு செய்யற வாசலுக்கு எந்த வாயும் வரக்கூடாது. வந்தா, வந்த வாய் கட்டிக்கும்."

வள்ளியம்மா மூன்றடி பின்னால் போனாள். யோசித்து, இன்னும் இரண்டடி போனாள்.

"அப்புறம்?" என்றாள் வாயைப் பொத்திக்கொண்டு.

"மூக்கையும் சேர்த்து மூடணும். மூக்கு திறந்திருந்தா பேச்சு அந்த வழியா வெளிய வந்துடும். வெளிய போயிட்டு வந்தா இருபது எண்ணுற வரைக்கும் சோப்பு போட்டுக் கை கழுவணும். பத்தொன்பதுல நிறுத்தினா செல்லாது. கட்டு போட்டவங்களுக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கற தூரம் இருக்கணும். வேலை இல்லாம வெளிய சுத்தினா, சுத்துற திசையெல்லாம் கட்டு அவுந்துடும்."

"எத்தன நாளுக்கா?"

"அரசாங்கம் சொல்ற வரைக்கும்."

"அரசாங்கமும் இதுல இருக்கா," என்று முணுமுணுத்துக்கொண்டே வள்ளியம்மா படியிறங்கி ஓடினாள்.

அன்று ராமதாஸ் மையத்திலிருந்து வீடு திரும்பிச் சாப்பிட்டுப் படுத்து எழுவதற்குள் செய்தி நாலு புளோக்கையும் சுற்றிவந்துவிட்டது. கனி சொல்லித்தான் ராமதாஸுக்குத் தெரிந்தது. கூடத்துக்கு வந்து அவள் முன்னால் நின்றார்.

"நம்ம வீட்டு வாசல்ல மந்திரவாதி வேலையா, ருக்கு?"

"ஆமாங்க."

"நான் இத்தன வருஷம் பேசினதெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு." அவள் தையலை நிறுத்தவில்லை. "எங்கம்மா கட்டின கயித்தை நீங்க வெட்டினப்போ நான் ஒண்ணும் சொல்லல. சரின்னுதான் இருந்தேன். இப்பவும் எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆனா வேன் ஒரு நாள் வராமப் போனா, நீங்க அந்த நாற்காலியில நிமிந்து உக்காந்து மூச்சு விடறதை நான் இன்னொரு தடவை பார்க்கணும். அது என்னால ஆகாது. நீங்க என்ன வேணா நெனச்சுக்கங்க."

ராமதாஸ் வாதாடாமல் திரும்பிப்போனது அவளுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அறைக் கதவு சாத்திக்கொண்டது. கோபம்தான், மூன்று நாளைக்குப் பேச மாட்டார் என்று ருக்குமணி எண்ணினாள்.

அரை மணி கழித்து வெளியே வந்தார். கையில் ஒரு தாள்.

"பத்தியம் வடசொல்," என்றார். "கட்டுநெறின்னு போட்டிருக்கேன்."

அவள் சொன்ன விதிகள் எல்லாம் எண் போட்டு, அழகான கையெழுத்தில், ஒற்றுப் பிழை இல்லாமல் இருந்தன. கூடவே இரண்டு விதிகளை அவரே சேர்த்திருந்தார். மின்தூக்கியில் நால்வருக்கு மேல் ஏறினால் நால்வர் கட்டும் அவிழும். தும்மல் வந்தால் முழங்கை மடிப்புக்குள் தும்மாதவருக்கு அந்த மாதம் முழுக்கக் கட்டு இல்லை.

"கீழ பேர் போடலியா?"

"அறிவுள்ளவன் எழுதினதுன்னு வெளிய தெரிய வேண்டாம்."

அந்தத் தாளும் கீழே ஒட்டப்பட்டது; அதற்குப் பிறகு வாசலுக்கு யாரும் வரவில்லை. துணி காயப்போடும் நைலான் கயிற்றில் வாளி ஒன்றைக் கட்டி ஏழாவது மாடியிலிருந்து ருக்குமணி இறக்குவாள். கீழே நிற்பவர்கள் சீட்டைப் போட்டுவிட்டு எட்டி நிற்பார்கள். மறுநாள் அதே வாளியில் துணி இறங்கும். ஆறாவது மாடியிலும் மூன்றாவது மாடியிலும் ஜன்னல் வழியாகக் கை நீட்டி நடுவழியிலேயே சீட்டுப் போட்டவர்களும் உண்டு. கீழே மின்தூக்கிக்கு முன்னால் நாலு புளோக்கிலும் யாரும் அதட்டாமலே ஒழுங்காக வரிசை நின்றது, ஆளுக்கு ஆள் ஓர் ஆள் படுக்கற தூரத்தில். சுகாதார அமைச்சு சொல்லிக் கேட்காத காதெல்லாம் கட்டுநெறியைக் கேட்டது. மையத்துக்குப் போகிற நாட்களில் அந்த வரிசையைக் கடக்கும்போது ராமதாஸ் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு போவார்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, ராமதாஸ் மையத்திலிருந்து திரும்பியபின், போன் வந்தது. சுகாதார அலுவலகத்திலிருந்து ஷாருல் என்று ஒருவர், மலாயில், மிகவும் மரியாதையாகப் பேசினார். தனேஷுக்கு நோய் உறுதியாகிவிட்டது. வேலை செய்யும் இடத்தில் வந்தது. அவன் போனில் அடிக்கடி பேசிய எண்களில் இதுவும் ஒன்று. பதினான்கு நாளில் தனேஷ் உங்கள் வீட்டுக்கு வந்தானா?

ருக்குமணி அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அறைக்குள் ராமதாஸ் இருமும் சத்தம் கேட்டது; தண்ணீர் குடிக்கும்போது வரும் சாதாரண இருமல்தான். மறுநாள் கழித்து சனிக்கிழமை. வேன் வரும் நாள்.

"வரலை," என்றாள் மலாயில். பிறகு, பொய் சொல்லக்கூடாது என்று பயந்துபோய், உள்ளதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். "பால்டி சாஜா." வாளி மட்டும்தான்.

மறுமுனையில் பேனா நகர்ந்தது. "சியாப்பா பால்டி?"

யார் அந்தப் பால்டி என்று கேட்கிறார். ருக்குமணிக்கு உடனே விளங்கவில்லை.

"எங்க வீட்டுப் பால்டிதான், சார்."

"வயசு?"

"பத்து வருஷம் இருக்கும்."

"சிறு பிள்ளையா. தனேஷைச் சந்தித்தானா?"

"கீழ போய்ச் சந்திச்சுது. தனேஷ் சீட்டுப் போட்டான், ஏறி வந்துட்டுது."

"தனியாகவா போனான்?"

"கயித்துல கட்டித்தான் விடுவேன்."

பேனா நின்றது. பிறகு ஷாருல் குரலைத் தாழ்த்தி, பிள்ளையை ஏன் கயிற்றில் கட்டுகிறீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் விளக்கி முடிக்கக் கால் மணி நேரமானது. வாளிக்கு வாய் இல்லை, மூக்கும் இல்லை என்பது நிச்சயமானதும், அவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். பிறகு தனேஷிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ருக்குமணி ஒரே மடிப்பை நான்கு தடவை தைத்துப் பிரித்தாள். ராமதாஸ் அறையிலிருந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். விஷயம் தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது.

"ஆம்புலன்ஸ் கூப்பிடற நம்பர் எங்க வச்சிருக்க?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாயிலிருந்து ஆம்புலன்ஸும் நம்பரும் அப்படியே வந்துவிட்டன. அவருடைய தமிழை அவளே பேசினாள். "அவசர ஊர்திக்கு இப்ப அவசரம் இல்ல. பேசாம இருங்க."

போன் மணி அடித்தது. ஷாருல்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தனேஷ் விவரமாகச் சொல்லிவிட்டானாம். ஒரு மாதமாக அந்தக் குடியிருப்பில் யார் அருகிலும் அவன் நிற்கவில்லை. மின்தூக்கியில்கூடத் தனியாகத்தான் ஏறினான். ஏன் என்று கேட்டதற்கு, சூப்பர்வைசருக்குப் போட்டது அவிழ்ந்துவிடும் என்று ஏதோ சொன்னானாம், அதை எழுதிக்கொள்ளவில்லை. உங்கள் வீடு பட்டியலில் இல்லை, ஆன்ட்டி. பால்டியையும் எடுத்துவிட்டேன்.

ருக்குமணி போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். திரும்பி வந்தபோது ராமதாஸ் அவள் தைத்துப் பிரித்த துணியை எடுத்து நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வேன் ஏழேகாலுக்கு வந்தது. அவளும் கூடவே கீழே இறங்கினாள். டிரைவர் ராமதாஸின் நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவியைக் காட்டி எண்ணைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார். ராமதாஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், அந்தக் கருவிக்குத் தமிழில் என்ன பெயர் என்று டிரைவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். டிரைவர் கெடா மாநிலத்துக்காரர், மலாய் தவிர ஒன்றும் தெரியாதவர். கண்ணாடிக்கு வெளியே நின்ற ருக்குமணிக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. துணி மட்டும் அவர் வாய் மேல் உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. வேன் வளைவில் திரும்பும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் எட்டு மாதம், செவ்வாய், வியாழன், சனி தவறாமல் அந்த வேன் வந்தது.